நிச்சயமில்லாத உலகில் கணினியைத் திட்டமிட வைப்பது: முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எட்டு மாதத்தில் முடிய வேண்டிய முதுகலைத் திட்டப்பணி எனக்குப் பதினான்கு மாதம் இழுத்தது. வேலை இதுதான்: ஒரு பழைய கட்டடத்தின் நடைவழிகளில் சின்னச் சக்கர வண்டி ஒன்று கோப்புகளை அறைக்கு அறை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் கதவுகள். சில திறந்திருக்கும், சில மூடியிருக்கும், சில பாதி சாத்தியிருக்கும். வண்டியிடம் இருந்ததோ எதிரொலியை வைத்துத் தடையைக் கண்டறியும் மலிவான அல்ட்ராசானிக் உணரி ஒன்று. அது சொல்வதை அப்படியே நம்ப முடியாது. செயற்கை நுண்ணறிவில் இதை நிச்சயமின்மையின்கீழ்த் திட்டமிடல் என்கிறார்கள். பாடநூலில் கணிதம் தெளிவாகவே இருக்கிறது. எந்த வேலையை எப்போது செய்வது, எதற்கு எத்தனை நாள் ஒதுக்குவது, பணம் எங்கே கரையும் என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வீணாக்கிய ஆறு மாதத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

பைத்தான் ஓரளவு தெரியும், நிகழ்தகவு கல்லூரி அளவுக்கு நினைவிருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. இந்த வம்பு உங்களுக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள் (ஒரு நாள்)

எதுவும் தவறாகப் போகாது என்று வைத்துக்கொண்டு ஒரு சாதாரணப் பாதையைக் கணக்கிடுங்கள். வண்டி எதிர்பாராத இடத்தில் போய் நின்றால், அங்கிருந்து மறுபடி கணக்கிடுங்கள். அவ்வளவுதான். இதைக் கேலியாகச் சொல்லவில்லை: 2004இல் நடந்த சர்வதேசத் திட்டமிடல் போட்டியின் நிகழ்தகவுப் பிரிவில் எஃப்எஃப்-ரீப்ளான் என்ற நிரல் கிட்டத்தட்ட இந்த வித்தையை வைத்துக்கொண்டே பெரிய பெரிய நிரல்களை முந்தியது.

இந்த எளிய வழி எங்கே சறுக்கும்? திரும்பி வர முடியாத குழிகள் இருக்கும் இடத்தில். தவறு நடந்தால் கொஞ்சம் நேரம்தான் போகும் என்றால் மறுதிட்டமிடலே போதும். தவறு நடந்தால் வண்டி படிக்கட்டில் உருண்டுவிடும், மருந்து கெட்டுவிடும், மின்கலம் நடுவழியில் தீர்ந்துவிடும் என்றால் தொடர்ந்து படியுங்கள். எப்படியிருந்தாலும் இந்த எளிய நிரலை அழித்துவிடாதீர்கள். கடைசியில் ஒப்பிட்டுக் காட்ட அது வேண்டும். நான் அழித்துவிட்டு, பதின்மூன்றாவது மாதத்தில் மறுபடி எழுதினேன்.

2. ஒரு தாளில் ஐந்து பத்தி (இரண்டு நாள்)

கணினியைத் திறக்காமல், தாளில் எழுதுங்கள். எந்தெந்த நிலைகள்? எந்தெந்தச் செயல்கள்? ஒரு செயலைச் செய்தால் என்னென்ன நடக்கலாம், எந்த வாய்ப்பில்? எதற்கு எவ்வளவு வெகுமதி, எவ்வளவு தண்டம்? நாளைய வெகுமதி இன்றைக்கு எவ்வளவு மதிப்பு? இந்தக் கடைசிக் கேள்விக்கான எண்தான் தள்ளுபடிக் காரணி. இந்த ஐந்தும் சேர்ந்தது மார்க்கோவ் முடிவெடுப்புச் செயல்முறை, சுருக்கமாக எம்டிபி.

வண்டிக்குத் தன் நிலை முழுவதும் தெரியும் என்றால் இத்துடன் சரி. தெரியாது, உணரி வழியாக ஊகிக்கத்தான் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு பத்தி: என்னென்ன கவனிப்புகள் வரலாம், எந்த நிலையில் எது எந்த வாய்ப்பில் வரும். இதற்குப் பெயர் பிஓஎம்டிபி. இங்கே திட்டம் நிலையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைப் பற்றிய ஊகப் பரவலைப் பார்த்து முடிவெடுக்கிறது. அந்த ஊகப் பரவலை ‘நம்பிக்கை’ என்பார்கள்.

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பிறகு வரும் கோப்புகள் எல்லாம் இதன் நகல்தான்.

3. உறைந்த ஏரியில் ஒரு வாரம்

உங்கள் சொந்தச் சிக்கலை இப்போதே தொடாதீர்கள். ஜிம்னேசியம் என்ற இலவசப் பைத்தான் தொகுப்பில் ‘ஃப்ரோசன் லேக்’ என்ற சிறு விளையாட்டு இருக்கிறது. நான்குக்கு நான்கு கட்டம், பதினாறு நிலை, நான்கு திசை, நான்கு குழி, ஓர் இலக்கு. பனி வழுக்கும்: நீங்கள் சொன்ன திசைக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, இரு பக்கங்களுக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு. எந்த நிலையில் எதைச் செய்தால் எங்கே, எந்த வாய்ப்பில் போவோம் என்ற நிலைமாற்ற அட்டவணை முழுவதும் அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே எடுத்து, வேல்யூ இட்டரேஷன் என்ற முறையை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பு ஒன்றை ஊகித்து, அடுத்த நிலைகளின் மதிப்பைக் கொண்டு அதைத் திருத்தி, மாற்றம் அடங்கும்வரை சுற்றுவதுதான் அது. இருபது முப்பது வரிகள். ஓடி முடிய ஒரு நொடிகூட ஆகாது.

விடை வந்ததும் பதறாதீர்கள். தொடக்கக் கட்டத்தில் உங்கள் திட்டம் ‘இடப்பக்கம் போ’ என்று சொல்லும். இடப்பக்கம் சுவர். நிரல் தவறு என்று நினைத்து நான் நான்கு நாள் தேடினேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. சுவரை நோக்கித் தள்ளினால் வழுக்கினாலும் மேலேயோ கீழேயோதான் போகும். வலப்பக்கம் போகவே போகாது. அதற்கு அடுத்த வரிசையில் வலப்பக்கம் குழி இருக்கிறது. அங்கேயும் அது சுவரில்தான் முட்டிக்கொண்டு நிற்கும், தானாகக் கீழே வழுக்கும்வரை. இதைப் பார்த்து ‘அட’ என்று சொல்லும்வரை நான்காம் படிக்குப் போகாதீர்கள்.

இன்னொரு பொறி: தள்ளுபடிக் காரணி 0.99 என்றால் தொடக்கக் கட்டத்தின் மதிப்பு சுமார் 0.54 என்று வரும். அது வெற்றி வாய்ப்பு அன்று. தள்ளுபடியும் இல்லாமல், அடிகளுக்கு எல்லையும் இல்லாமல் ஆடினால் சிறந்த திட்டத்தின் வெற்றி வாய்ப்பு பதினேழில் பதினான்கு, அதாவது ஏறக்குறைய 0.82. ஜிம்னேசியமோ நூறு அடியில் ஆட்டத்தை நிறுத்திவிடும். ஆகவே ஓட்டிப் பார்த்தால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஒரே திட்டம், மூன்று எண்கள். அறிக்கையில் எதை எழுதுகிறீர்கள் என்று தெரிந்து எழுதுங்கள்.

எப்போது சுற்றை நிறுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். இரண்டு சுற்றுகளுக்கு இடையே மதிப்பு 0.001தான் மாறியது என்று நிறுத்தினால், காரணி 0.99 என்னும்போது உண்மை மதிப்பிலிருந்து 0.1 வரை விலகியிருக்கலாம். காரணி ஒன்றை நெருங்க நெருங்கச் சுற்றுகளும் கூடும். தொடக்கப் பிழையை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க 0.9க்கு 66 சுற்றுகள் போதும், 0.99க்கு ஏறக்குறைய 690, 0.999க்கு ஏறக்குறைய 6,900. சும்மா பெரிய எண் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள்.

4. நிலைகளை எண்ணுங்கள், பிறகு காவலாளியிடம் பேசுங்கள் (ஒரு வாரம்)

என் முதல் மாதிரியில் நூறு இடங்கள், இருபது கதவுகள். ஒவ்வொரு கதவும் திறந்தது அல்லது மூடியது. இரண்டை இருபது முறை பெருக்கினால் பத்து லட்சத்துச் சொச்சம்; நூறால் பெருக்கினால் பத்து கோடியே நாற்பத்தெட்டு லட்சம் நிலைகள். இந்த எண்ணைத் தாளில் போட்டுப் பார்க்காமலே நான் நிரல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நினைவகக் கணக்கையும் போட்டுவிடுங்கள். பத்தாயிரம் நிலைகள் என்றால் ஒரு செயலுக்கான முழு அட்டவணையில் பத்து கோடி எண்கள், எண்ணுக்கு எட்டு பைட், ஆக 800 மெகாபைட். ஐந்து செயலுக்கு நான்கு ஜிகாபைட். எட்டு ஜிகாபைட் மடிக்கணினி அங்கேயே மூச்சுத் திணறிவிடும். ஆனால் ஒரு நிலையிலிருந்து மூன்று நிலைகளுக்குத்தான் போக முடியும் என்றால் பூஜ்யமில்லாத எண்கள் ஒன்றரை லட்சம்தான். அவற்றை மட்டும் சேமிக்கும் அடர்வற்ற அணி வடிவத்தைப் பயன்படுத்துங்கள். சில மெகாபைட்டில் முடிந்துவிடும். புதிய கணினி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தவர் அந்தக் கட்டடத்தின் காவலாளி. “இருபது கதவா? பதினேழு கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, தம்பி. எப்போதும் திறந்துதான் கிடக்கும். மூன்றைத்தான் பூட்டுவோம், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு” என்றார். இரண்டு மாத வேலை அந்த இரண்டு நிமிடத்தில் சுருங்கியது. இடங்களையும் வெட்டினேன். பன்னிரண்டு இடங்கள், மூன்று கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் மூன்று நிலை (திறந்தது, மூடியது, பாதி சாத்தியது), மதியத்துக்கு முன் அல்லது பின்: மொத்தம் 648 நிலைகள்.

அந்த ‘முன் அல்லது பின்’ எதற்கு என்றால், அடுத்து நடப்பது இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்தது என்பதுதான் மார்க்கோவ் அனுமானம். நேரத்தை விட்டுவிட்டால் ஒரே நிலையில் காலையில் ஒரு வாய்ப்பு, மாலையில் இன்னொரு வாய்ப்பு; மாதிரி பொய் சொல்லத் தொடங்கும். வருங்காலத்தைப் பாதிக்கும் எதையும் நிலைக்குள் கொண்டுவாருங்கள். பாதிக்காத எதையும் ஈவிரக்கமின்றி வெட்டுங்கள்.

5. ஒவ்வொரு நிகழ்தகவுக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் (நான்கு வாரம், குறைக்காதீர்கள்)

எல்லோரும் அவசரப்படும் இடம் இது. மாதிரியில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரி எழுதிய தனிப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்: எண், அது எங்கிருந்து வந்தது, எத்தனை முறை அளந்தது, எந்தத் தேதியில். ‘ஊகம்’ என்று எழுத நேர்ந்தால் வெட்கப்படாமல் எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

கதவுகள் எப்போது மூடும் என்பதற்கு எனக்கு அந்தக் காவலாளியின் சாவிப் பதிவேடே ஆவணமாகக் கிடைத்தது. யார், எப்போது சாவி வாங்கினார், எப்போது திருப்பினார் என்று மூன்று மாதத்துக்கு இருந்தது. நானாக நின்று அளந்திருந்தால் மூன்று மாதம் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் துறையிலும் இப்படி ஏதாவது ஒரு பதிவேடு மேசை இழுப்பறையில் கிடக்கும். தேடுங்கள். அனுமதிக் கடிதம் கேட்பார்கள். முதல் வாரத்திலேயே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

உணரிக்கு, பெட்டியோடு வந்த துண்டுத்தாளில் இருந்த துல்லியத்தை நம்பி 0.95 என்று போட்டிருந்தேன். பிறகு கதவின் ஒவ்வொரு நிலைக்கும் இருநூறு முறை வீதம் அளந்தேன். முழுதாக மூடிய கதவை 188 முறை சரியாகச் சொன்னது. பாதி சாத்திய கதவை 121 முறைதான். கதவு சாய்ந்து நின்றால் எதிரொலி வேறு பக்கம் சிதறிவிடுகிறது. உணரி ‘வழி காலி’ என்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். நிலைவாரியாக அளங்கள்.

மூன்று பொறிகள் இங்கே இருக்கின்றன, மூன்றிலும் விழுந்தேன்.

பூஜ்யம் போடாதீர்கள். இருநூறில் ஒருமுறைகூட நடக்கவில்லை என்பதால் நிகழ்தகவைப் பூஜ்யமாக்கினால், அது ஒருநாள் நடக்கும்போது நம்பிக்கையைத் திருத்தும் சூத்திரம் பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்து நின்றுவிடும். எண்ணிக்கையோடு ஒன்றும், மொத்தத்தோடு சாத்தியங்களின் எண்ணிக்கையும் கூட்டி வகுப்பது பழைய, நல்ல வழக்கம். இரண்டே சாத்தியம் என்றால் 121/200க்குப் பதில் 122/202. முந்நூறு முறையில் ஒரு தவறும் இல்லை என்றாலும் உண்மைத் தவறு விகிதம் நூற்றுக்கு ஒன்றுவரை இருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கூட்டல் ஒன்றுக்கு வர வேண்டும். 0.33, 0.33, 0.33 என்று எழுதினால் 0.99தான். சில நிரல்கள் பிழை சொல்லும். சில வாயைத் திறக்காமல் தவறான விடை தரும்.

மூன்றாவதுதான் கொடுமையானது. ஒரே இடத்தில் நின்று உணரியைப் பத்துமுறை படித்தால் பத்துத் தனித்தனிச் சாட்சிகள் கிடைத்ததாக மாதிரி நினைக்கிறது. கதவு சாய்ந்திருந்தால் பத்துமுறையும் அதே தவறான பதில்தான் வரும். வண்டி முழு நிச்சயத்தோடு போய்க் கதவில் மோதியது. ‘அரை அடி நகர்ந்து பிறகு படி’ என்பதைத் தனிச் செயலாக மாற்றியபின்தான் மோதுவது நின்றது.

6. வெகுமதி, தண்டம்: புலியோடு ஒரு மாலை

வெகுமதி எண்கள் என்ன செய்யும் என்று புரிய, பிஓஎம்டிபி படிப்பவர்கள் எல்லோரும் சந்திக்கும் புலிக் கணக்கைக் கையால் போடுங்கள். இரண்டு கதவு, ஒன்றின் பின்னால் புலி. காது கொடுத்துக் கேட்டால் 0.85 வாய்ப்பில் சரியான பக்கம் கேட்கும். கேட்பதற்குத் தண்டம் 1. புலிக் கதவைத் திறந்தால் தண்டம் 100, மற்றதைத் திறந்தால் வெகுமதி 10. கதவைத் திறந்ததும் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து.

ஒருமுறை இடப்பக்கம் கேட்டால் நம்பிக்கை 0.85. வலப்பக்கக் கதவைத் திறந்தால் எதிர்பார்ப்பு 8.5 கழித்தல் 15, அதாவது 6.5 நட்டம். இரண்டாம் முறையும் இடப்பக்கமே கேட்டால் நம்பிக்கை 0.97, எதிர்பார்ப்பு ஏறக்குறைய 6.7 லாபம். காரணி 0.95 என்றால், ஒரு பக்கம் மற்றதைவிட இரண்டு தடவை கூடுதலாகக் கேட்கும்வரை காத்திருப்பதே சிறந்த திட்டம். தொடக்கத்தில் அதன் மதிப்பு 19.37. உங்கள் நிரல் இந்த எண்ணைத் தருகிறதா என்று சரிபாருங்கள். நிரல் சரி என்பதற்கு இதைவிட மலிவான சான்று கிடையாது.

இப்போது புலியின் தண்டத்தை மட்டும் 20 ஆக்குங்கள். ஒரே ஒருமுறை கேட்டதும் கதவைத் திறந்துவிடும். உணரி அதே, வாய்ப்புகள் அதே. நீங்கள் எழுதிய ஓர் எண்ணால் வண்டியின் குணமே மாறிவிட்டது. ஆகவே தண்டங்களை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். வண்டியைப் பயன்படுத்தப்போகிறவரிடம் ‘கதவில் ஒருமுறை மோதுவதும் எத்தனை நிமிடத் தாமதமும் உங்களுக்குச் சமம்?’ என்று கேளுங்கள். என்னிடம் ‘அரை மணி நேரம்’ என்றார்கள். நான் போட்டு வைத்திருந்ததோ இரண்டு நிமிடம்.

7. எந்த நிரலை எடுப்பது

எல்லாமே இலவசம், பணம் கேட்கும் மென்பொருள் பக்கம் போக வேண்டியதே இல்லை.

நிலை முழுவதும் தெரிகிறது, ஒரு லட்சத்துக்குள் நிலைகள் என்றால் மூன்றாம் படியில் நீங்களே எழுதியது போதும். அதைவிடப் பெரிது என்றால் ஆர்டிடிஎல் மொழியில் மாதிரியை எழுதுங்கள். ஒவ்வொரு நிலையையும் பட்டியலிடாமல் விதிகளாக எழுதலாம். பொது விதிகள் ஒரு கோப்பு, உங்கள் கட்டடத்தின் விவரம் இன்னொரு கோப்பு என்று பிரித்து வைக்கலாம். அந்தக் கோப்புகளை ப்ராஸ்ட் என்ற நிரல் படித்து, போகப்போகத் தேடித் திட்டமிடும். 2011, 2014 போட்டிகளில் வென்றது அதுதான்.

பிஓஎம்டிபி என்றால் முதலில் கியூஎம்டிபி என்ற குறுக்குவழியைப் போட்டுப் பாருங்கள். ஓர் அடிக்குப் பிறகு எல்லாம் தெரிந்துவிடும் என்று பாவனை செய்துகொண்டு எம்டிபியைத் தீர்ப்பது அது. வேகமானது. ஆனால் புலிக் கணக்கில் அது சரியான விடை தருவதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அங்கே கேட்பதும் சும்மா நிற்பதும் ஒன்றுதான், அதனால் தப்பித்துக்கொள்கிறது. தகவல் தேடி வழியைவிட்டு விலகிப் போக வேண்டிய இடத்தில் அது போகவே போகாது. எல்லாம்தான் அடுத்த அடியில் தெரிந்துவிடுமே! கியூஎம்டிபியோடு ஓடியபோது என் வண்டி ஒருமுறைகூட அரை அடி நகர்ந்து படிக்கவில்லை என்பதற்குக் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆனது.

அதற்கடுத்து இரண்டு பாதைகள். முன்கூட்டியே திட்டத்தை முழுதாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா? சார்சாப் என்ற நிரல் நல்லது, சில ஆயிரம் நிலைகள் வரை என் மடிக்கணினியில் நிமிடக் கணக்கில் ஓடியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்காக உருவான ஏகாஸ் எக்ஸ் என்ற மோதல் தவிர்ப்பு அமைப்பும் இந்தப் பாணிதான்: கணக்கெல்லாம் தரையிலேயே முடிந்துவிடும், விமானம் வானத்தில் அட்டவணையைப் பார்க்கும். நிலைகள் எண்ணிலடங்காதவை, ஆனால் ஒவ்வோர் அடிக்கும் யோசிக்க ஒரு நொடி உண்டு என்றால், ஓடும்போதே தேடித் திட்டமிடும் பிஓஎம்சிபி அல்லது டெஸ்பாட் என்ற முறைகள். ஜூலியா மொழி தெரிந்தால் போம்டிபிஸ்.ஜேஎல் என்ற தொகுப்பில் இவை பலவும் ஒரே இடத்தில் கிடைக்கும். பைத்தான்காரர்களுக்குப் போம்டிபி-பை என்ற தொகுப்பு இருக்கிறது.

சார்சாப் படிக்கும் கோப்பில் முதலில் தள்ளுபடிக் காரணி, எண்கள் வெகுமதியா செலவா என்ற குறிப்பு, நிலை, செயல், கவனிப்புப் பெயர்கள். பிறகு நிலைமாற்றம், கவனிப்பு, வெகுமதி வரிகள். வெகுமதியா செலவா என்ற அந்த ஒற்றைச் சொல்லை மாற்றிப் போட்டால் உங்கள் வண்டி கதவுகளைத் தேடித் தேடி மோதும். சிரிக்காதீர்கள்.

மேகக் கணினி வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், செலவு வரம்பும் தானாக அணையும் நேரமும் வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வெள்ளி மாலை ஓடவிட்டுவிட்டு ஊருக்குப் போனேன். வேலை அன்றிரவே முடிந்திருந்தது. கணினி செவ்வாய்வரை சும்மா ஓடியது. அந்த மாத மெஸ் கட்டணம் அதிலேயே போயிற்று.

8. ஓட்டிப் பார்ப்பதும் எழுதி வைப்பதும் (இரண்டு வாரம்)

நூறுமுறை பாவனையில் ஓட்டி 82 வெற்றி என்றால், அந்த 82க்கு மேலும் கீழும் ஏழெட்டுப் புள்ளிகள் தள்ளாட்டம் உண்டு. ஆயிரம் முறை என்றால் இரண்டரைப் புள்ளிகளுக்குள்; பத்தாயிரம் என்றால் ஒரு புள்ளிக்கும் குறைவு. 84 எடுத்த திட்டம் 82 எடுத்ததைவிட நல்லது என்று நூறுமுறை ஓட்டி எழுதினால் கேள்வி வரும். முதல் படியில் வைத்திருக்கச் சொன்ன எளிய நிரலையும் அதே எண்ணிக்கையில், அதே சமவாய்ப்பு விதை எண்களோடு ஓட்டுங்கள். விதை எண்களைக் குறித்து வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு நிகழ்தகவையும் பத்து சதவீதம் கூட்டியும் குறைத்தும் மறுபடி தீருங்கள். திட்டம் மாறாத எண்களைப் பற்றி மேலும் கவலைப்பட வேண்டாம். எந்த எண்ணைத் தொட்டால் திட்டம் தலைகீழாகிறதோ, மறுபடி போய் அதை மட்டும் கூடுதலாக அளங்கள். எனக்கு அது பாதி சாத்திய கதவின் 0.60.

தேர்வு நாளில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதே எண்ணைப் பற்றித்தான்: “இந்த 0.60 எங்கிருந்து வந்தது?” பதிவேடு பின்னிணைப்பில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது, புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. நீங்கள் அதை முன்பக்கத்திலேயே கோத்து வையுங்கள்.